பாடத்தின் மூலக் கோப்பு யாரிடம் இருக்கிறது?

காஞ்சிபுரம் மாவட்டத்துச் சாலவாக்கம் வட்டாரம் ஏரிப் பாசனத்தால் வாழ்கிற பகுதி. பக்கத்து உத்திரமேரூரில் பல்லவர் காலத்து வயிரமேகத் தடாகம் என்ற ஏரியே இருக்கிறது. இந்தப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் நீர்ப்பாசனம் பற்றிய கணினிப் பாடம் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். படத்தைத் தொட்டால் விளக்கம் வருகிறது, நடுநடுவே கேள்வி கேட்கிறது, பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அதில் வருவதெல்லாம் பெரிய அணைகள். ஏரி நீரைத் திறந்துவிடும் மதகு இல்லை, மிகைநீர் வழியும் கலங்கல் இல்லை. ஊர் ஏரியின் கலங்கலைப் படமெடுத்து ஒரு திரையில் சேர்த்துவிட ஆசிரியர் நினைக்கிறார். வழியில்லை. அவரிடம் வந்திருப்பது பார்ப்பதற்கான வடிவம் மட்டுமே. திருத்தக்கூடிய மூலக் கோப்பு, பாடத்தைச் செய்தவரிடம் தங்கிவிட்டது.

மின்பாடம் தயாரிக்கும் மென்பொருள்கள் பெரும்பாலானவற்றில் இந்த இரண்டு வடிவங்கள் உண்டு. எழுத்து, படம், குரல், கேள்வி எல்லாம் தனித்தனியாகக் கழற்றி மாட்டும்படி இருப்பது மூலக் கோப்பு. வேலை முடிந்ததும் 'வெளியிடு' பொத்தானை அழுத்தினால் அவை ஒன்றாகக் கலந்து, ஓடுவதற்கு மட்டுமான பொதியாகின்றன. இந்தப் பொதிகளில் பேர்பெற்றது ஸ்கார்ம். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஒரு திட்டத்தில் பிறந்த இதன் 1.2 பதிப்பு 2001இல் வந்தது, இன்றும் ஓடுகிறது. ஸ்கார்மை ஏற்கும் எந்தக் கற்றல் தளத்திலும் பாடத்தை ஓட்டி, மாணவரின் மதிப்பெண்ணைப் பதிவுசெய்வது அதன் வேலை. பிறர் திருத்துவதற்கு வசதியாக அதை யாரும் வடிவமைக்கவில்லை.

உத்திரமேரூர்க் கல்வெட்டை நினைத்துப் பாருங்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919இல், குடவோலைத் தேர்தல் விதிகளைக் கோயில் சுவரில் வெட்டினார்கள். இரண்டே ஆண்டில் விதிகளைத் திருத்த வேண்டி வந்தது. 921இல் மறுபடியும் செதுக்கினார்கள். வெளியிட்ட மின்பாடமும் அந்தக் கல்லைப் போலத்தான். திருத்த வேண்டுமென்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

மூலக் கோப்பைத் தொலைத்தால் என்ன ஆகும் என்பதை ஃப்ளாஷ் என்ற மென்பொருள் காட்டிவிட்டது. ஒரு காலத்தில் அசையும் பாடங்கள் பெரும்பாலும் அதில்தான் செய்யப்பட்டன. 2020 டிசம்பர் 31உடன் அடோபி நிறுவனம் அதற்கான ஆதரவை நிறுத்தியது. மூலக் கோப்பை வைத்திருந்தவர்கள் பாடத்தைப் புதிய வடிவத்துக்கு மாற்றிக்கொள்ள முடிந்தது. வெளியிட்ட கோப்பை மட்டும் வைத்திருந்தவர்களின் பாடங்கள் சாதாரண உலாவியில் திறக்காமல் போயின. பலருடைய உழைப்பு அப்படி வீணானது.

மேகக்கணினிக் கருவிகள் வந்தபின் சிக்கல் இன்னும் ஆழமாகிவிட்டது. ஆர்ட்டிகுலேட் நிறுவனத்தின் ஸ்டோரிலைன் போல நம் கணினியில் நிறுவும் மென்பொருளில் மூலம் ஒரு கோப்பாக இருக்கும். பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிடலாம். அதே நிறுவனத்தின் ரைஸ் முழுக்க உலாவியிலேயே நடக்கிறது. நாம் எழுதுவது நிறுவனத்தின் தரவுத்தளத்துக்குப் போகிறது. அதே சேவைக்குச் சந்தா கட்டிய இன்னொருவருக்கு ஒரு நகல் அனுப்பலாம், அவரைக் கூட்டு ஆசிரியராகச் சேர்க்கலாம். சந்தா முடிந்தாலும் வெளியிட்ட பாடம் ஓடும்; திருத்தும் வழி மூடிவிடும். அந்த ஆண்டுச் சந்தாவை ஓர் ஆசிரியர் கைக்காசில் கட்டுவது நடக்கிற காரியமில்லை.

இதற்கு மாற்றாக நான் மனதாரப் பரிந்துரைப்பது எச்5பி. நார்வேயின் ஜூபெல் நிறுவனம் 2013இல் வெளியிட்ட திறமூலக் கருவி. இதன் சிறப்பு, ஓடும் கோப்பும் திருத்தும் கோப்பும் ஒன்றே என்பதுதான். பாடத்தின் அடியில் உள்ள 'ரீயூஸ்' பொத்தானை அழுத்தினால் அந்தக் கோப்பு இறங்கும். எச்5பி உள்ள வேறு எந்தத் தளத்திலும் ஏற்றித் திருத்தலாம். உண்மையில் அது ஒரு ஸிப் கோப்பு. பெயரின் பின்னொட்டை மாற்றித் திறந்தால் கேள்வியும் விடையும் ஒரு எழுத்துக் கோப்பில், படங்கள் ஒரு கோப்புறையில் என்று எல்லாம் கண்ணுக்குத் தெரியும். மூடில் என்ற கற்றல் தளத்தில் 2020இலிருந்து எச்5பி பாடங்களை அங்கேயே உருவாக்கிச் சேமிக்கலாம். லூமி என்ற இலவசச் செயலி இணையம் இல்லாமலும் வேலை செய்யும். சிக்னல் வந்து வந்து போகிற ஊர்களுக்கு அது பெரிய உதவி. ஒரு எச்சரிக்கை: 'ரீயூஸ்' பொத்தானைப் பாடம் செய்பவர் மறைத்துவிட முடியும். பகிரும் முன் அது தெரிகிறதா என்று பாருங்கள்.

அரசு தரும் மின்பாடங்களிலும் இதே கேள்வி எழுகிறது. நம் பாடநூல்களில் 2018 முதல் கியூஆர் குறியீடு வருகிறது. அதன் பின்னணியில் இருந்த தீக்ஷா என்ற கல்வித் தளம் 2017 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்டது. சன்பேர்ட் என்ற திறமூல மென்பொருளில் கட்டியது. இறக்கிய பாடத்தை ஒரு கைபேசியிலிருந்து இன்னொன்றுக்கு இணையமின்றி மாற்ற அதன் செயலியில் வழி செய்திருந்தார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் அங்கே கிடைப்பவற்றில் பல காணொலிகள். காணொலிக்குள் ஒரு படத்தை மாற்ற, அதைத் தொகுத்தவரின் மூலக் கோப்புகள் வேண்டும்.

தமிழுக்கென்று தனியாக இரண்டு கவனங்கள் தேவை. பழைய எழுத்துருக்களில் செய்த பாடத்தை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் குறிகள்தான் தெரியும். தமிழக அரசு 2010இலேயே யூனிகோடை ஏற்றுவிட்டது; இனி அதில்தான் எழுத வேண்டும். அடுத்தது, படத்தின் மேலேயே எழுத்தைப் பொறித்துவிடக் கூடாது. 'மதகு' என்ற சொல் படத்தோடு ஒட்டிப்போனால், பின்னால் ஒரு எழுத்துப்பிழையைக்கூடத் திருத்த முடியாது. படம் தனியாக, எழுத்து தனியாக, குரலுக்கான உரை ஒரு தனிக் கோப்பாக இருக்கட்டும்.

பகிரும்போது கூகுள் ஸ்லைட்ஸ் என்றால் 'பார்க்கலாம்' என்ற அனுமதியோடு இணைப்பைக் கொடுத்து, ஒரு நகல் எடுத்துத் திருத்தச் சொல்லலாம். நம் மூலம் அப்படியே இருக்கும். மூடில் பாடமென்றால் காப்புக் கோப்பு எடுக்கும்போது மாணவர் விவரங்கள் சேராதபடி அந்தத் தேர்வை நீக்குங்கள். பிள்ளைகளின் பெயரும் மதிப்பெண்ணும் ஊர் சுற்றக் கூடாது. உரிமத்தையும் எழுதிவிடுங்கள். அது இல்லாவிட்டால், கோப்பு கையில் இருந்தும் அடுத்தவருக்குத் திருத்தும் உரிமை இருக்காது. பெயரைக் குறிப்பிட்டு யாரும் மாற்றிப் பயன்படுத்தலாம் என்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் ஒரு வரியில் முடிகிற வேலை.

அடுத்த முறை ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பாடத்தின் லிங்க்கைப் போடும்போது, மூலக் கோப்பையும் அந்த உரிம வரியையும் சேர்த்துப் போடுங்கள். யாராவது லிங்க் மட்டும் போட்டால், மூலத்தையும் தாருங்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.