ஒரு சொல், இரு நீர்கள்: ‘டேங்க்’ என்னும் சொல்லின் பொருள் விரிவு

ஒரு மொழியிலிருந்து வேறொரு மொழிக்குச் செல்லும் சொல், சென்ற இடத்தில் தன் பழம்பொருளை அப்படியே பேணிக்கொள்வது அரிது. சில சொற்கள் பொருள் சுருங்கும், சில விரியும், இன்னும் சில, பல நாடுகளைச் சுற்றிவிட்டு அடையாளம் மாறிப் பிறந்தகத்துக்கே திரும்பி வரும். ஆங்கிலச் சொல் என்று நாம் எண்ணி அன்றாடம் வழங்கிவரும் ‘டேங்க்’ இம்மூன்றாம் வகையைச் சார்ந்தது.

தாம்பரத்தை அடுத்த சிட்லபாக்கத்தில் வாழும் ஒரு குடும்பத்தார் இச்சொல்லை எத்தனை பொருளில் ஆளுகின்றனர் என எண்ணிப் பார்க்கலாம். மொட்டை மாடியிலுள்ள கறுப்புப் பிளாஸ்டிக் கொள்கலன் அவர்களுக்கு டேங்க். கழிவுநீர் சேரும் குழி செப்டிக் டேங்க். இருசக்கர வாகனத்தில் பெட்ரோல் நிரப்பும் இடமும் டேங்க். இவற்றோடு, ஊருக்கு நடுவே பரந்து கிடக்கும் சிட்லபாக்கம் ஏரியைப் போன்ற பாசன ஏரிகளும் அரசின் ஆங்கில ஆவணங்களில் டேங்க் என்றே குறிக்கப்படுகின்றன.

ஊர் முழுவதற்கும் உரிய நீர்நிலையையும், ஒரு வீட்டுக்கே உரிய கொள்கலனையும் ஒரே சொல் சுட்டுகிறது. ஆனால் இவ்விரண்டிலும் உள்ள நீர் ஒரே தன்மையது அன்று என்பது இஸ்லாமியச் சட்டவியலின் முடிவு. ஆகவே இச்சொல்லின் வரலாற்றை ஆராய்வது வெறும் சொல்லாராய்ச்சியாக நின்றுவிடாது.

சொல்லின் பிறப்பு

ஆங்கில அகராதிகள் இச்சொல்லின் மூலத்தை இந்திய மண்ணிலேயே காண்கின்றன. குஜராத்தி, மராத்தி மொழிகளில் நிலத்தடி நீர்த்தொட்டியைக் குறிக்கும் ‘டாங்க்கா’, ‘டாங்க்கே’ போன்ற சொற்களே அதன் அடிப்படை என்பர். அகமதாபாத்தின் பழைய குடியிருப்புகளில், முற்றத்துக்கு அடியில் மழைநீரைச் சேமிக்கும் இத்தகைய டாங்க்காக்களை இன்றும் காணலாம். போர்த்துகீசிய மொழியில் குளத்தைக் குறிக்கும் ‘டாங்க்கே’ என்னும் சொல்லும் இதனோடு கலந்தது. யூல், பர்னல் ஆகிய இருவர் தொகுத்து 1886-இல் வெளியான ‘ஹாப்சன் ஜாப்சன்’ என்னும் ஆங்கிலோ-இந்தியச் சொற்களஞ்சியமும் இச்சொல்லின் மூலத்தை ஆராய்கிறது.

குஜராத்திச் சொல்லுக்கு மூலம் ‘தடாக’ என்னும் வடசொல்லாக இருக்கலாம் என்று கருதுவோரும் உளர். அக்கருத்து சரியெனில், மறுமையில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு வழங்கப்படும் ஹவ்ளுல் கவ்ஸரை நாம் ‘கவ்ஸர் தடாகம்’ என்று தமிழில் குறிக்கும்போதும், மாடிமேல் உள்ள கொள்கலனை ‘டேங்க்’ என்னும்போதும் ஒரே வேரின் இரு கிளைகளையே ஆளுகின்றோம். பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல், வேடந்தாங்கல் ஆகிய ஊர்ப்பெயர்களில் உள்ள ‘தாங்கல்’ சிறிய ஏரியைக் குறிக்கும் தமிழ்ச்சொல். ஒலியொப்புமை கருதி இதுவே டேங்க் ஆயிற்று எனச் சொல்லத் தோன்றும். ஆயினும் அது ‘தாங்கு’ என்னும் தமிழ் வினையடியாகப் பிறந்த தனிச்சொல், ஒப்புமை தற்செயலானது.

சென்னை ஆவணங்களில்

ஆங்கிலேய ஆட்சியாளர் தென்னாட்டுக்கு வந்தபோது, இங்கு நீர்நிலைகளுக்கு ஏராளமான பெயர்கள் இருந்தன. பாசனத்துக்கு ஏரியும் கண்மாயும், குடிநீருக்கு ஊருணியும் கேணியும், கோயிலுக்குத் தெப்பக்குளமும், கால்நடைக்குக் குட்டையும் எனப் பயன் நோக்கியும் அளவு நோக்கியும் பெயர்கள் அமைந்திருந்தன. அவற்றுட் பலவற்றை ஆட்சியாளர் டேங்க் என்னும் ஒரு சொல்லில் அடக்கினர். செம்பரம்பாக்கம் ஏரியும் டேங்க். மயிலைத் திருக்குளமும் டேங்க். ‘மயிலாப்பூர் டேங்க்’ என்று பேருந்து நிறுத்தத்தின் பெயராகவும் அது நிலைத்துவிட்டது.

பெயர் நிலைத்தும் நீர் நிலைக்காத இடங்களும் உண்டு. மாம்பலம், நுங்கம்பாக்கம் பகுதிகளில் நீண்டு கிடந்த ஏரியை ஆங்கிலேயர் ‘லாங் டேங்க்’ என்றனர். 1920-களில் அதன் மாம்பலப் பகுதி தூர்க்கப்பட்டுத் தியாகராய நகர் உருவாயிற்று. நுங்கம்பாக்கம் ஏரியின் நிலத்தில் 1976-இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. அருகே உள்ள ‘டேங்க் பண்ட் சாலை’, அதாவது ஏரிக்கரைச் சாலை, ஏரியில்லாத கரையின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

போர்க்களத்தில்

இச்சொல் பெற்ற வியப்புக்குரிய பொருள் முதல் உலகப்போரில் விளைந்தது. 1915-இல் பிரிட்டனின் லிங்கன் நகரில், அகழிகளைக் கடந்து செல்லும் கவச வாகனம் ஒன்று மறைவாகத் தயாரிக்கப்பட்டது. உண்மையை மறைக்கும்பொருட்டு, மெசபடோமியா பாலைவனத்துக்கு அனுப்பப்படும் நீர்த்தொட்டி அது என்ற எண்ணம் பரவவிடப்பட்டது. 1916 செப்டம்பர் 15 அன்று பிரான்சின் சோம் போர்முனையில் அவ்வாகனம் முதன்முதலாக இறங்கியது. மறைபெயராக இட்டது இயற்பெயராயிற்று. உயிர்காக்கும் நீரின் பெயரை உயிர் பறிக்கும் கருவி இரவல் பெற்றது. பின்னாளில் சென்னையை அடுத்த ஆவடியிலேயே அத்தகைய ஊர்திகள் உருவாயின.

தமிழ் இவ்விடத்தில் நுட்பமாகச் செயற்பட்டுள்ளது. வீட்டுக் கொள்கலனை ‘டேங்க்’ என்றும், போர்ஊர்தியை ‘டாங்கி’ என்றும் ஒலிவேறுபாட்டால் பிரித்துக்கொண்டது. மீன் வளர்க்கும் கண்ணாடித் தொட்டி, அறிஞர் குழுவைக் குறிக்கும் ‘திங்க் டேங்க்’, நீச்சல் உடையிலிருந்து பெயர் பெற்ற கையில்லாச் சட்டை எனப் பிற ஆட்சிகளும் உள. ஆங்கிலப் பேச்சுவழக்கில் ஒரு முயற்சி படுதோல்வி அடைவதும் இச்சொல்லாலேயே குறிக்கப்படும். அவை நம் பொருளுக்கு வேண்டுவன அல்ல.

பள்ளிவாசலில்

முஸ்லிம்களின் வாழ்வில் டேங்க் என்பதற்கு நேரான சொல் ஹவ்ளு. பாரசீகத்திலும் உருதுவிலும் ஹவ்ஸ் என ஒலிக்கும். அலாவுதீன் கில்ஜி தில்லியில் அமைத்து, பின்னர் பிரோஸ் ஷா துக்ளக் தூர்வாரிச் சீரமைத்த ஹவ்ஸ் காஸ் ஒரு நகரத்துக்கே நீர் தந்த ஏரி. திருவல்லிக்கேணியில் 1795-இல் எழுந்த வாலாஜா பள்ளிவாசலின் ஹவ்ளு, தொழவருவோர் உளூச் செய்வதற்குரியது. ஆக, அரபுச் சொல்லும் பெருநீரையும் சிறுநீர்த்தொட்டியையும் ஒருங்கே குறித்தது. எனினும் இரண்டும் பொதுவுக்கு உரியனவாகவே இருந்தன என்பது கருதத்தக்கது.

ஹவ்ளின் அளவையும் ஃபிக்ஹு நூல்கள் வரையறுத்துள்ளன. சிறிது அசுத்தம் விழுந்தாலும், நிறம், சுவை, மணம் மாறாத வரை தூய்மை கெடாத நீரின் அளவு ஷாஃபிஈ மத்ஹபில் இரண்டு குல்லத். இது ஏறத்தாழ 200 லிட்டரோ சற்று மேலோ ஆகும். ஹனஃபி மத்ஹபின் பிற்கால அறிஞர்கள் பத்து முழத்துக்குப் பத்து முழம் என மேற்பரப்பைக் கொண்டு அளந்தனர். அதாவது ஏறத்தாழ 225 சதுர அடி. இன்றைய 500 லிட்டர் மாடித்தொட்டி முதற்கணக்கில் ‘அதிக நீர்’. இரண்டாம் கணக்கில் ‘குறைந்த நீர்’. பள்ளிவாசல் ஹவ்ளுகள் அகன்ற சதுரமாக அமைவதன் காரணம் இதனால் விளங்கும்.

பொதுநீரும் கைக்கொண்ட நீரும்

நீர், மேய்ச்சல் நிலம், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் பங்காளிகள் என்னும் கருத்துடைய நபிமொழி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. இதன் அடிப்படையில் ஹனஃபி அறிஞர்கள் நீரை வகைப்படுத்தினர். பேராறுகளின் நீர் எவருக்கும் உடைமையன்று. ஒருவரது கிணற்றிலோ கால்வாயிலோ உள்ள நீரில் மனிதரும் கால்நடையும் தாகம் தீர்க்கும் உரிமை பிறர்க்கும் உண்டு. பாத்திரத்தில் முகந்துகொண்ட நீரோ முகந்தவரின் உடைமை, அவர் விற்கலாம். இவ்வாறு கைக்கொள்வதை இஹ்ராஸ் என்பர்.

இவ்வகுப்பில் நம் இரு டேங்குகளையும் வைத்துப் பார்ப்போம். ஏரி முதல் வகையை ஒட்டியது. மாடித்தொட்டி மூன்றாம் வகை. ஏரியில் தேங்கும் மழைநீர் நிலத்துள் இறங்குகிறது. ஆழ்துளைக் கிணற்றில் ஊறுகிறது. மோட்டார் அதனைத் தொட்டிக்கு ஏற்றுகிறது. பொதுநீர் தனியுடைமையாகும் இஹ்ராஸ் ஒரு விசையை அழுத்தும் நொடியில் நிகழ்ந்து முடிகிறது. முதல் டேங்க் வற்றினால் இரண்டாவது டேங்க் லாரித்தண்ணீரை விலைகொடுத்து வாங்கியே நிரம்பவேண்டும்.

சிட்லபாக்கம் இதனை அனுபவத்தால் அறிந்த ஊர். வயல்கள் மனைகளானபின் ஏரி பாசனப் பயனை இழந்தது. ஆக்கிரமிப்பும் கழிவுநீரும் கரையோரக் குப்பைமேடும் அதனைச் சுருக்கின. 2015-இல் வெள்ளம் தெருக்களில் புகுந்தது. 2019-இல் வறட்சி வந்தது. அவ்வாண்டு குடியிருப்போர் தாமே ஏரியில் இறங்கித் தூய்மைப் பணி செய்தனர். ஏரியைச் சீரமைக்க அரசும் 25 கோடி ரூபாய் ஒதுக்கியது. 2021-இல் இவ்வூர் தாம்பரம் மாநகராட்சியில் இணைந்தது. இந்த ஏரி தனித்ததுமன்று. இதன் மிகைநீர் செம்பாக்கம் ஏரிக்குச் சென்று, நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை அடைய வேண்டும். மேலூரார் ஏரியைக் கெடுத்தால் கீழூரார் துன்புறுவர்.

தூர்வாருவது யார் பொறுப்பு?

மதரஸாக்களில் நெடுங்காலமாக ஓதப்பட்டுவரும் மர்கினானியின் ‘ஹிதாயா’ இக்கேள்வியைத் தனியே ஆராய்கிறது. எவருக்கும் உரிமையல்லாத பேராற்றைத் தூர்வாரும் செலவு பொதுக்கருவூலமாகிய பைத்துல் மாலைச் சாரும். அங்குப் பணம் இல்லையெனில், பொதுநலன் கருதி ஆட்சியாளர் மக்களை அப்பணியில் ஈடுபடுத்தலாம். பலருக்குக் கூட்டுரிமையான கால்வாயெனில் செலவு உரிமையாளர்களைச் சாரும், மறுப்பவர் கட்டாயப்படுத்தப்படுவார்.

தமிழகத்தின் மரபும் இதற்கு அயலானதன்று. முதலாம் பராந்தகனின் காலத்தைச் சேர்ந்த, 919, 921 ஆம் ஆண்டுகளின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியத்தைப் பேசுகின்றன. ஊரார் கூடித் தூர்வாரும் குடிமராமத்து பிற்காலம் வரை நிலவியது. 2007-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு ஏரிகள் பாதுகாப்புச் சட்டமும், ஆங்கிலத் தலைப்பில் ‘டேங்க்’ என்னும் அதே சொல்லையே கொண்டு, ஆக்கிரமிப்புகளை அகற்ற அதிகாரம் அளிக்கிறது.

ஆகவே, சட்டத்தின் ஏட்டில் டேங்க் இன்னும் ஏரியையே குறிக்கிறது. மக்களின் நாவில்தான் அது மாடிக்கு ஏறிவிட்டது. சொற்பொருள் மாறுவதை எவராலும் தடுக்க இயலாது. தடுக்கவேண்டிய தேவையும் இல்லை. ஆனால் நாவில் மறைந்த பொருள் நெஞ்சிலும் மறைந்துவிடலாகாது. மாடித்தொட்டியில் நிறைவது பொதுநீரிலிருந்து நாம் பெற்ற பங்கு. பங்கு பெறுவோர்க்குப் பராமரிப்பிலும் பங்கு உண்டு என்பது ஃபிக்ஹு அறிஞர்கள் வகுத்த நெறி. ஏரியைத் தூய்மைசெய்ய ஊரார் கூடும் நாளில், மஹல்லா ஜமாஅத்துகளும் மண்வெட்டியோடு உடன் நிற்பது அந்நெறியைச் செயலில் ஓதுவதாகும்.