பல்கலைக்கழகத்தில் கணிதமும் விஞ்ஞானமும்: துணைத்திட்டங்களில் ஏன் சேரவேண்டும்?

ஒரு பிள்ளையைப் பல்கலைக்கழகம் வரை கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு விவசாயக் குடும்பம் என்ன பாடுபடுகிறது என்பதை நமது வாசகர்களுக்கு நாம் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. காணி ஓரிடம், குடியிருப்பு ஓரிடம், பாடசாலை இன்னோரிடம் என்று அலைந்த காலத்திலும் பிள்ளைகளின் புத்தகப் பையைக் கைவிடாதவர்கள் நீங்கள். அனுமதிக் கடிதம் வீட்டுக்கு வந்த நாளோடு அந்தப் பாடு முடிந்துவிட்டது என்று பெற்றோர் பலர் ஆறுதல் கொள்கின்றனர். ஆனால் கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல், பொறியியல் ஆகிய துறைகளிற் சேரும் பிள்ளைக்கு உண்மையான சோதனை முதலாவது ஆண்டில்தான் தொடங்குகிறது. பாடசாலையில் முதலாம் பிள்ளையாக இருந்தவர் அங்கே பலருள் ஒருவர். தமிழில் விளங்கிக்கொண்ட விடயத்தை ஆங்கிலத்தில் எழுதவேண்டும். கேட்பதற்குக் கூச்சம், தோற்றால் வீட்டுக்குச் சொல்லப் பயம்.

இந்த ஆண்டைக் கடப்பதற்கென்றே உலகின் பல பல்கலைக்கழகங்களில் துணைத்திட்டங்கள் நடத்தப்படுகின்றன. மேலதிக வகுப்பு, சிறு குழுப் படிப்பு, மூத்த மாணவரின் வழிகாட்டல் எனப் பல வடிவங்களில் அவை அமைந்துள்ளன. எனினும் எங்கும் காணப்படும் ஒரு புதுமை என்னவென்றால், யாருக்கு அவை அதிகம் பயன்படுமோ அவர்களே சேரத் தயங்குகின்றனர். “நான் என்ன மொக்கா?” என்று ஒரு பிள்ளை ஒதுங்குகிறது. “எங்கள் பிள்ளை கெட்டிக்காரன், அவனுக்கு உதவி தேவையில்லை” என்று பெற்றோரும் நினைக்கின்றனர். நிவாரண வரிசையில் அட்டையுடன் நின்றவர்களுக்கு “உதவி” என்ற சொல்லே கசப்பது இயல்பு. ஆகவே இத்தகைய திட்டங்கள் எவ்வாறு தோன்றின, அவற்றுள் வெற்றிபெற்றவை எதனால் வெற்றிபெற்றன என்பதை இக்கட்டுரையில் நோக்குவோம். அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்விலிருந்து தொடங்குவது பொருத்தமாகும்.

பேர்க்லியில் எழுந்த கேள்வி

கலிபோர்னியா மாநிலத்தின் பேர்க்லி நகரிலுள்ள பல்கலைக்கழகம் உலகப் புகழ் பெற்றது. அங்கே 1970களின் நடுப்பகுதியில் யூரி ட்றைஸ்மன் என்னும் இளம் கணித ஆய்வு மாணவர், முதலாம் ஆண்டு நுண்கணிதம் படிப்பிக்கும் உதவி ஆசிரியர்களைப் பயிற்றும் பணியில் ஈடுபட்டிருந்தார். வகையீடு, தொகையீடு ஆகியவற்றை உள்ளடக்கிய இப்பாடமே விஞ்ஞானம், மருத்துவம், பொறியியல் ஆகிய எல்லாவற்றுக்கும் வாசற்படி. அதிலே கறுப்பின மாணவர்கள் பெருந்தொகையாகத் தவறிக்கொண்டிருந்தனர். 1975க்கு முந்திய பத்தாண்டில், அப்பாடத்தை முடித்த கறுப்பின மாணவரில் 100க்கு 60 பேர் அளவில் கடைநிலைப் பெறுபேறுகளையே பெற்றிருந்தனர்.

காரணம் என்னவென்று அவர் ஆசிரியர்களிடம் விசாரித்தார். நான்கு விடைகள் திரும்பத் திரும்ப வந்தன. இவர்களுக்குப் படிப்பில் ஊக்கம் இல்லை என்றனர் சிலர். பாடசாலையில் அத்திவாரம் சரியில்லை என்றனர் வேறு சிலர். வீட்டில் படிப்பைப் பற்றிய அக்கறை இல்லை என்பது மூன்றாவது விடை. வறுமை என்பது நான்காவது. இவை நமது பிள்ளைகளைப் பற்றியும் நாம் அடிக்கடி கேட்கும் விடைகளே.

ட்றைஸ்மன் இவற்றை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. மாணவர்களையும் குடும்பங்களையும் நேரிற் சந்தித்து விசாரித்தார். நான்கு விடைகளும் ஒவ்வொன்றாகச் சரிந்தன. அந்த மாணவர்களுட் பலர் தமது பாடசாலைகளில் முதல்வர்களாக விளங்கியவர்கள். பிள்ளை பிறக்கும் முன்னரே “இது பல்கலைக்கழகம் போகவேண்டும்” என்று தீர்மானித்த பெற்றோர்கள் அங்கே இருந்தனர். அக்கறைக்கும் ஊக்கத்துக்கும் குறைவே இல்லை. அப்படியானால் குறை எங்கே?

தனியே படித்தவரும் கூடிப் படித்தவரும்

கறுப்பின மாணவர் 20 பேரையும், அதே பாடத்தில் நன்கு சித்தியடைந்து வந்த சீன வம்சாவழி மாணவர் 20 பேரையும் அவர் தெரிந்துகொண்டார். 18 மாதங்கள் அளவில் அவர்களுடன் நடமாடி, அறையிலும் நூலகத்திலும் அவர்கள் எவ்வாறு படிக்கிறார்கள் என்பதை அவதானித்தார்.

கறுப்பின மாணவர்கள் சொன்ன சொல் தவறாதவர்கள். ஒரு மணி நேர விரிவுரைக்கு இரண்டு மணி நேரம் படிக்கவேண்டும் என்று ஆசிரியர் சொன்னால், கணக்குப்படி வாரம் எட்டு மணி நேரம் படித்தார்கள். ஆனால் 20 பேரில் 18 பேர் சகமாணவருடன் சேர்ந்து படிப்பதேயில்லை. நண்பர்கள் வேறு, படிப்பு வேறு என்றிருந்தது அவர்களது வாழ்க்கை. ஒரு கணக்குப் பிழைத்தால் தான் மட்டுந்தான் பிழைவிட்டதாக எண்ணினர். அதே கணக்கிற் பக்கத்து அறை மாணவனும் முட்டுப்பட்டு நின்றது அவர்களுக்குத் தெரியவில்லை.

சீன மாணவர்கள் வாரம் 14 மணி நேரமளவிற் செலவிட்டனர். முதல் எட்டுப் பத்து மணி நேரம் தனியாகவே கணக்குகளைச் செய்தனர். பின்பு மாலையில் ஒன்றுகூடிச் சமைத்து உண்டு, ஒருவர் விடையை மற்றவர் திருத்தினர். ஆங்கிலத்தில் இடறியவருக்கு மற்றவர் சொல்லிக்கொடுத்தார். மூத்த சகோதரரோ மைத்துனரோ வந்து கேள்வி கேட்டுச் சோதித்தார். பழைய வினாத்தாள்களை எடுத்துச் செய்து பார்த்தனர். ஆகவே வகுப்பிலே தமது நிலை என்னவென்று ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது. எல்லோருக்கும் பிழைக்கும் கணக்கு எது, தனக்கு மட்டும் பிழைப்பது எது என்பதும் தெரிந்திருந்தது.

இருசாராரின் மூளையிலும் முயற்சியிலும் வேறுபாடு இருக்கவில்லை. முயற்சி எந்த வாய்க்கால் வழியே பாய்ந்தது என்பதிலேதான் வேறுபாடு இருந்தது.

திருத்தவகுப்பு என்ற பெயர் போயிற்று

பின்தங்கிய மாணவருக்கென்று திருத்தவகுப்புகள் அங்கே முன்னரே இருந்தன. ஆனால் தமது பாடசாலையின் முதல்வராக வந்த ஒரு மாணவர் “பின்தங்கியோர் வகுப்பு” என்று பெயர் ஒட்டிய அறைக்குள் நுழைவாரா? பெரும்பாலானோர் நுழையவில்லை.

இதனை விளங்கிக்கொண்ட ட்றைஸ்மன் 1978ஆம் ஆண்டளவில் கணிதப் பட்டறை என்னும் திட்டத்தைத் தொடங்கினார். சிறப்பாகச் சித்தியடைய விரும்புவோருக்கான திட்டம் என்றே மாணவருக்கு அழைப்பு அனுப்பப்பட்டது. வாரத்தில் இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் இரண்டு மணி நேரமளவில், சிறு குழுக்களாக மாணவர் கூடினர். பாடநூலிலுள்ள கணக்குகளைவிடக் கடினமான கணக்குகள் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டன. முதலில் ஒவ்வொருவரும் தனியே முயல்வர். பின்பு தமது வழியை மற்றவருக்கு விளக்குவர். வழிநடத்துபவர் விடையைச் சொல்வதில்லை, சரியான கேள்வியைக் கேட்பார்.

பலன் விரைவிலேயே தெரிந்தது. பட்டறையிற் சேர்ந்த கறுப்பின மாணவரும், இலத்தீன் அமெரிக்க வம்சாவழி மாணவரும், சேராதிருந்த தம்மினத்தவரை மட்டுமன்றி வகுப்பிலிருந்த ஏனையோரையும் விஞ்சும் பெறுபேறுகளைப் பெற்றனர். இம்முறை பின்னர் வேறு பல்கலைக்கழகங்களுக்கும் பரவியது. டெக்சாஸ் மாநிலத்தின் ஒஸ்ரின் பல்கலைக்கழகத்தில் 1988இல் இதே வழியில் ஒரு திட்டம் தொடங்கிற்று. 

மேரிலண்டில் மற்றுமொரு முயற்சி

அதே 1988ஆம் ஆண்டில், மேரிலண்ட் மாநிலத்தின் போல்டிமோர் நகரை அண்டிய ஒரு பல்கலைக்கழகத்தில் மையர்ஹோவ் புலமைப்பரிசில் திட்டம் உருவானது. றொபேட், ஜேன் மையர்ஹோவ் தம்பதியர் இதற்கு நிதி வழங்கினர். கணிதவியலாளரான ஃபிறீமன் ஹ்றபோவ்ஸ்கி இதனைக் கட்டியெழுப்பினார். 1989இல் 19 கறுப்பின ஆண் மாணவர்களுடன் தொடங்கிய இத்திட்டத்தில் 1990 முதல் பெண்களும், 1996 முதல் எல்லா இனத்தவரும் சேர வாய்ப்பளிக்கப்பட்டது.

பல்கலைக்கழகம் தொடங்குமுன்னரே கோடை விடுமுறையில் ஆறு வாரங்கள் மாணவரை ஒன்றாகத் தங்கவைத்துப் படிப்பிப்பது இத்திட்டத்தின் முக்கிய அம்சமாகும். முதல் விரிவுரைக்குப் போகும்போதே அவர்களுக்குக் கூட்டாளிகள் இருப்பார்கள். குழுவாகப் படிப்பது அங்கே விருப்பத்துக்கு விடப்பட்ட விடயமன்று, எல்லோரும் பின்பற்றவேண்டிய ஒழுங்கு. கொரோனாத் தொற்றுக்கு எதிரான மொடேர்னா தடுப்பூசியின் உருவாக்கத்தில் அமெரிக்க அரசின் ஆய்வுகூடத்தில் முன்னின்று உழைத்த விஞ்ஞானி கிஸ்மேக்கியா கோர்பெற் அம்மையார் இத்திட்டத்தின் மாணவியே. அவர் 2008இல் அங்கே பட்டம் பெற்றார். உயர்ந்த திறமை உடையவருக்கும் கூட்டுத் துணை தேவை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

சேர்வோரிடம் என்ன கேட்கிறார்கள்?

அமெரிக்க அரசு 1968இல் உயர்கல்விச் சட்டத்தைத் திருத்தி, வசதி குறைந்த மாணவருக்கான துணைச்சேவைகளுக்கு நிதி ஒதுக்கத் தொடங்கியது. இச்சேவைகளிற் சேர விண்ணப்பிப்போரிடம் கேட்கப்படும் கேள்விகள் நாம் கவனிக்கத்தக்கவை. குடும்ப வருமானம் குறைவானதா? உடற்குறைபாடு உண்டா? தாயோ தந்தையோ பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவரா? கடைசிக் கேள்விக்கு “இல்லை” என்று எழுதுபவர் முதல் தலைமுறை மாணவர் எனக் கொள்ளப்படுவார். அந்த “இல்லை” ஒரு வெட்கமன்று, சேவையைப் பெறுவதற்கான தகைமை. சேர்ந்தவருக்குப் பாட உதவி, எந்தப் பாடத்தை எப்போது தெரிவுசெய்வது என்னும் ஆலோசனை, நிதியுதவிக்கு விண்ணப்பிக்கும் வழிகாட்டல் என்பன கட்டணமின்றிக் கிடைக்கும். பட்டம் பெற்ற பெற்றோரின் பிள்ளை இவற்றைச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டிலேயே கேட்டறிந்துவிடும். மற்றப் பிள்ளைக்கு யாராவது சொல்லிக்கொடுக்கத்தானே வேண்டும்?

நமது பிள்ளைகளுக்கு

நமது நாட்டில் விஞ்ஞான, பொறியியற் பீடங்களுக்குச் செல்லும் தமிழ்ப் பிள்ளைகளிற் பெரும்பாலானோர் உயர்தரம் வரை தமிழிற் படித்துவிட்டு ஆங்கிலத்தில் விரிவுரை கேட்கின்றனர். இடம்பெயர்ந்து, பாடசாலை மாறி மாறிப் படித்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இச்சுமை இரட்டிப்பு. பேர்க்லி மாணவரைப் போன்றே அவர்களும் ஊக்கம் குறைந்தவர்களல்லர். தனித்து நிற்பதே அவர்களுக்கு நேரும் ஆபத்து.

கூடி உழைப்பது நமக்குப் புதியதுமன்று. வெட்டும் இயந்திரங்கள் வருமுன்னர் அருவிவெட்டும் சூடடிப்பும் எவ்வாறு நடந்தன? இன்று உங்கள் வயலில் நாங்கள், நாளை எங்கள் வயலில் நீங்கள் என்று இறங்கினோம். அதனை எவரும் உதவி வாங்குவதாக நினைத்ததில்லை. ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. தன் கத்தியைத் தீட்டிக்கொண்டு வந்தவருக்கே அந்த வரிசையில் இடம் இருந்தது. படிப்பிலும் அப்படியே. முதலில் தானாக முயன்ற பின்னரே கூட்டத்துக்குப் போகவேண்டும். மற்றவரின் விடையைப் பார்த்து எழுதுவது கூட்டுப்படிப்பாகாது.

பெற்றோர் செய்யக்கூடியவை சில உண்டு.

1. பிள்ளை பல்கலைக்கழகம் போகுமுன்னர், ஏற்கெனவே அங்கே படிக்கும் ஊர்ப்பிள்ளை ஒருவருடன் பேசச் செய்யுங்கள். எந்தப் பாடம் கடினம், பழைய வினாத்தாள் எங்கே கிடைக்கும் என்பதை அவர் சொல்லுவார்.

2. ஆங்கில வகுப்பு, மேலதிகக் கணித வகுப்பு, மாணவர் ஆலோசனைச் சேவை என்று எது அறிவிக்கப்பட்டாலும் முதல் வாரத்திலேயே சேரும்படி சொல்லுங்கள். முதற் பரீட்சையிற் தவறும் வரை காத்திருப்பது, பயிர் வாடிய பின்பு குளத்தைத் திறப்பது போன்றது.

3. எந்தத் திட்டமும் இல்லையென்றால், நான்கைந்து பேர் வாரம் இரு மாலைப்பொழுதுகளில் கூடி அதனை உருவாக்கலாம். ஒரு மேசையும், ஒரு கரும்பலகையும், கடினமான கணக்குகளும் போதும். உயர்தர மாணவர்கள் இதனை ஊரிலேயே தொடங்கலாம். வாசிகசாலையிலோ பொதுமண்டபத்திலோ மாலையில் ஓர் இடம் ஒதுக்கிக் கொடுப்பது கிராமச் சங்கங்களுக்குப் பாரமான காரியமன்று.

4. தொலைபேசியில் “எத்தனை புள்ளி?” என்று மட்டும் கேளாதீர்கள். “யாரோடு படிக்கிறாய்?” என்றும் கேளுங்கள். “ஒருவரோடும் இல்லை” என்ற பதில் வந்தால், பெறுபேறு வரும் வரை பார்த்திராமல் அன்றே கவனியுங்கள்.

5. ஒரு பாடத்திற் தவறினால் அதை வீட்டுக்குச் சொல்லலாம் என்ற துணிவைப் பிள்ளைக்கு முன்கூட்டியே கொடுங்கள். மறைக்கப்பட்ட தோல்விக்கு ஆசிரியராலும் உதவ முடியாது.

வயலையும் கிணற்றையும் விட்டுவிட்டு வந்த குடும்பங்கள் பல, கல்வி ஒன்றையே கையோடு கொண்டுவந்தன. அந்த முதல் பல்கலைக்கழகத்தின் முதலாம் ஆண்டில், கூச்சத்தின் காரணமாகக் கரைந்துபோக விடலாகாது. இவ்வருடம் உங்கள் வீட்டிலிருந்தோ பக்கத்து வீட்டிலிருந்தோ ஒரு பிள்ளை விஞ்ஞான பீடத்துக்குப் போவதானால், இக்கட்டுரையை அப்பிள்ளைக்கு வாசித்துக் காட்டுங்கள்.