செத்த மாட்டின் மூளைத் தண்டு

மாட்டின் மூளையைப் பஞ்சுபோல் துளைபடச் செய்யும் பிரியான் நோயை மாடு உயிரோடு இருக்கும்போது உறுதிசெய்ய வழக்கமான சோதனை எதுவும் இல்லை. ரத்தம் எடுத்துப் பார்த்துப் பயனில்லை. செத்த மாட்டின் மூளைத் தண்டைச் சோதித்தால்தான் தெரியும். ‘மேட் கவ்’ என்று செய்திகளில் அடிபட்ட இந்நோய் 1986இல் இங்கிலாந்தில் அடையாளம் காணப்பட்டது. கழிவிறைச்சியையும் எலும்பையும் அரைத்து மாட்டுக்கே தீவனமாகப் போட்டதால் அது பரவியது. பிரிட்டனில் மட்டும் 1,80,000க்கும் மேற்பட்ட மாடுகளுக்கு நோய் உறுதியானது. மனிதருக்கும் தொற்றுவது 1996இல் தெரியவந்தது.

இந்தியாவில் இந்நோய் பதிவானதில்லை. இங்கே அபாயம் மிகக் குறைவு என்று உலக விலங்கு நல அமைப்பு 2010இல் அங்கீகரித்தது. அந்தத் தகுதி நிலைக்க வேண்டுமானால் தீவனத் தடையோடு கண்காணிப்பும் தொடர வேண்டும். நடை தள்ளாடிய, எழ முடியாமல் படுத்த, காரணம் தெரியாமல் செத்த வளர்ந்த மாடுகளே அந்தக் கண்காணிப்புக்கு முக்கியம். நோய் வெளிப்படச் சராசரியாக நான்கைந்து ஆண்டுகள் ஆவதால் கன்றுக்குட்டிகளைச் சோதிப்பதில் பொருளில்லை.

தலையும் கழுத்தும் சேரும் இடத்திலுள்ள துளை வழியே நீண்ட கரண்டியை விட்டு மூளைத் தண்டின் முகுளப் பகுதியை எடுக்கிறார்கள். மண்டையைப் பிளக்க வேண்டியதில்லை. ஆய்வகத்தில் அந்தத் திசுவை அரைத்து, புரதத்தைச் சிதைக்கும் நொதியைச் சேர்ப்பார்கள். இயல்பான புரதம் கரைந்துபோகும். உருக்குலைந்த பிரியான் புரதத்தின் ஒரு பகுதி கரையாமல் எஞ்சும். எலைசா, வெஸ்டர்ன் பிளாட் சோதனைகள் அந்த எச்சத்தைத்தான் பிடிக்கின்றன. திசு அழுகிவிட்டால் நுண்ணோக்கியில் துளைகளைப் பிரித்தறிய முடியாது; ஆகவே வெயிலில் மாதிரியைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்தே அனுப்ப வேண்டும். ஃபார்மலின் பிரியானை அழிப்பதில்லை. கருவிகளைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஒரு மணி நேரம் ஊறவைக்க வேண்டும். இத்தகைய நோய்களுக்கான தேசிய உயர் பாதுகாப்பு ஆய்வகம் போபாலில் உள்ளது.

திருவள்ளூர் மாவட்டத்தின் சோழவரம் பகுதியில் மாடு தள்ளாடினால், எச்சில் ஒழுகினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது பிரியானை அல்ல, ரேபிஸை. வாய்க்குள் கைவிட்டு மருந்து புகட்டியவரும், எச்சில் காயத்தில் பட்டவரும் உடனே சோப்புப் போட்டுக் கழுவி, அரசு மருத்துவமனையில் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். ஆய்வு முடிவுக்காகக் காத்திருக்கக் கூடாது. மாடு திடீரெனச் செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத ரத்தம் கசிந்தால் அது அடைப்பான் நோயாக இருக்கலாம். அந்த உடலை அறுக்கவோ தோலுரிக்கவோ கூடாது; காற்றுப் பட்டால் கிருமி வித்துகளாக மாறி மண்ணில் பல ஆண்டுகள் கிடக்கும். காது ரத்தநாளத்திலிருந்து எடுக்கும் ஒரு துளி ரத்தமே சோதனைக்குப் போதும்.

2009ஆம் ஆண்டின் விலங்குத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி, பட்டியலிட்ட நோய் இருக்கலாம் என்று தோன்றினாலே உரிமையாளர் கிராம அலுவலரிடமோ ஊராட்சியிடமோ தெரிவிக்க வேண்டும்; நோயுற்றதைத் தனியே கட்ட வேண்டும். கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962ஐ அழைக்கலாம். காப்பீடு செய்த மாடு என்றால் காது வில்லையை அகற்றாமல், புதைக்கும் முன்பே காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லிவிட வேண்டும். மருத்துவரின் இறப்புச் சான்று இல்லாவிட்டால் இழப்பீடு கேட்பது கடினம். தோலை விற்று வரும் சில நூறு ரூபாய்க்காக அந்தத் தொகையை இழப்பது நல்ல கணக்கு அல்ல.

தீவனத் தடை இதுதான்: பால், இறைச்சி தரும் மாடுகளுக்கு மாட்டு அல்லது பன்றி எலும்புத்தூள், இறைச்சித்தூள் கலந்த தீவனம் தரக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. கோழி, மீன், பன்றித் தீவனங்களுக்கு இது பொருந்தாது. ஓட்டை அங்கேதான் இருக்கிறது: விலை மலிவு என்று கோழித் தீவனத்தை மாட்டுத் தொட்டியில் கொட்டினால் தடையே அர்த்தமிழந்துவிடும். மூட்டையில் மூலப்பொருள் விவரம் இல்லாவிட்டால் வாங்காமல் திருப்பிக் கொடுக்கலாம். பால் பற்றிய அச்சம் வேண்டாம். பிரியான் நோயைப் பொறுத்தவரை அதைப் பாதுகாப்பான பொருளாகவே சர்வதேச விதிகள் கருதுகின்றன.

செத்த மாட்டை ஆழக் குழியில் சுண்ணாம்பு இட்டு, நாய் தோண்டாதபடி மூட வேண்டும். சோழவரம் ஏரி சென்னையின் குடிநீர் ஆதாரம் என்பதால் ஏரிக்கரை, வரத்துக்கால்வாய், கிணறு ஆகியவற்றை விட்டு விலகிய மேட்டு நிலத்திலேயே குழி தோண்ட வேண்டும்.