இடித்துரையும் தாழ்மையும்

தன் குறையைப் பிறர் சுட்டிக்காட்டும்போது பொறுமையாகக் கேட்டு, ஆராய்ந்து, உண்மை இருந்தால் திருத்திக்கொள்வது கிறிஸ்தவ வாழ்வில் தாழ்மையின் முக்கியமான அடையாளம். தமிழில் இத்தகைய அறிவுரைக்கு இடித்துரை என்ற பழைய சொல் உண்டு. நண்பர் வழி தவறும்போது இடித்துச் சொல்வதை நட்பின் கடமையாகவே வள்ளுவர் வைத்தார். பழிப்பு ஆளைத் தாக்கும். இடித்துரை செயலைச் சுட்டும். பழிப்பு மனத்தைப் புண்படுத்துவதோடு நின்றுவிடும். இடித்துரை திருந்தும் வழியையும் சேர்த்துச் சொல்லும்.

கிறிஸ்தவப் போதனையில் இடித்துரையை ஏற்கும் இந்தத் தாழ்மைக்கு இரண்டு வேர்கள் உண்டு. குறையில்லாத மனிதர் எவரும் இல்லை என்பது ஒன்று. ஆகவே, தன்னிடம் தவறு இருக்கலாம் என்று ஒப்புக்கொள்வது விசுவாசிக்கு அதிர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை. குறையைக் கண்டும் கடவுளின் அன்பு மனிதரை விட்டு விலகுவதில்லை என்பது மற்றொன்று. இதை உண்மையாக நம்புகிறவருக்குத் தன்னை நியாயப்படுத்தி வாதாடும் பதற்றம் குறைகிறது. காது திறப்பது அப்போதுதான்.

விவிலியம் இதைப் பெரிய மனிதர்களின் வாழ்க்கையைக் கொண்டே காட்டுகிறது. மோசே காலை முதல் மாலை வரை தனியாக உட்கார்ந்து மக்களின் வழக்குகளைத் தீர்த்துவந்தார். இப்படியே போனால் அவரும் சோர்வார், மக்களும் சோர்வார்கள் என்று அவருடைய மாமனார் எத்திரோ எச்சரித்தார். ஆயிரம், நூறு, ஐம்பது, பத்துப் பேருக்கு ஒரு தலைவர் என்று அமர்த்திப் பொறுப்பைப் பகிரச் சொன்னார். எத்திரோ வேற்றினத்தைச் சேர்ந்த மீதியான் நாட்டுக் குரு. வெளியாள் என்று தள்ளாமல் மோசே அவர் சொன்னபடியே செய்தார். தாவீது மன்னரின் குற்றத்தை நாத்தான் தீர்க்கதரிசி ஒரு கதை வழியாக உணர்த்தினார். படைபலம் கையில் இருந்த அரசர், தான் பாவம் செய்ததை அந்த இடத்திலேயே ஒப்புக்கொண்டார்.

புதிய ஏற்பாட்டில் இதைவிடக் கூர்மையான நிகழ்ச்சி அந்தியோக்கியா நகரில் நடந்தது. யூதரல்லாத கிறிஸ்தவர்களோடு ஒரே பந்தியில் உண்டுவந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் அவர்களுக்கு அஞ்சித் தனியே ஒதுங்கினார். பவுல் அதை எல்லார் முன்னிலையிலும் கண்டித்தார். திருத்தூதர்களில் முதல்வராக மதிக்கப்பட்டவர் பேதுரு. பவுலோ பின்னால் வந்து சேர்ந்தவர். ஆனாலும் பேதுருவின் பெயரில் உள்ள இரண்டாம் கடிதம் பவுலை அன்புச் சகோதரர் என்றே குறிப்பிடுகிறது.

கண்டிப்பதற்கும் முறை உண்டு. தவறு செய்த சகோதரரிடம் முதலில் தனியாகப் பேச வேண்டும். கேட்காவிட்டால் ஓரிருவரை உடன் அழைத்துச் செல்ல வேண்டும். அதன் பிறகே சபையிடம் கொண்டுபோக வேண்டும் என்று மத்தேயு நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில் இயேசு வகுக்கிறார். இயேசு சபை என்ற துறவற சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் இதை அன்றாடப் பயிற்சியாக்கினார். சபையில் சேர வருபவரிடம், தன் குறைகளைக் காண்பவர் அதை மேலாளரிடம் தெரிவிக்கச் சம்மதமா என்று முன்கூட்டியே கேட்க வேண்டும் என்பது அவர் வகுத்த விதி. ஒருவர் சொன்ன சொல்லைக் குற்றமாக எடுப்பதற்கு முன் அதற்கு நல்ல பொருள் காண முயல வேண்டும் என்பது அவருடைய ஆன்மப் பயிற்சி நூலின் தொடக்க அறிவுரை. நாள்தோறும் தன் செயல்களைத் தானே ஆராயும் ஆன்மச் சோதனையையும் அவர் வலியுறுத்தினார். திண்டுக்கல்லில், வீரமாமுனிவரின் இயற்பெயரைத் தாங்கிய பெஸ்கி இல்லத்தில், இளம் துறவியர் இயேசு சபை வாழ்வின் இந்தத் தொடக்கப் பாடங்களைக் கற்கிறார்கள்.

திண்டுக்கல் சமவெளி இடித்துரையை ஏற்ற ஒருவரின் வாழ்க்கையையும் கண்டிருக்கிறது. 1925 ஜூலையில் கல்கத்தாவில் மிஷனரிகள் கூட்டத்தில் பேசிய காந்தி, அவர்களிடம் கற்றுக்கொள்ளும் மனமும் தாழ்மையும் போதவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். அதே ஆண்டு அமெரிக்க மதுரை மிஷன் பணிக்குத் தமிழ்நாட்டுக்கு வந்த ரால்ஃப் ரிச்சர்ட் கெய்த்தான் காந்தியின் வழியைத் திறந்த மனத்தோடு அணுகினார். கதர் உடுத்தார், எளிய கிராம வாழ்க்கையைத் தேர்ந்தார், கொடுப்பவராக மட்டும் இராமல் மக்களிடம் கற்பவராகவும் இருந்தார். அதற்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது. ஆங்கிலேய ஆட்சியின் நெருக்குதலால் 1930இல் அவர் நாட்டைவிட்டுப் போக நேர்ந்தது. திரும்பி வந்தவரை 1944இல் மறுபடியும் வெளியேற்றினார்கள். விடுதலைக்குப் பின் மீண்டும் வந்து, சின்னாளபட்டி அருகே டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் தொடங்கிய காந்திகிராமத்தோடு இணைந்து உழைத்தார். கிறிஸ்தவர் அல்லாத ஒருவரின் விமர்சனத்தை ஏற்றதால் கெய்த்தானின் விசுவாசம் தேய்ந்துவிடவில்லை. ஏழைகளுக்கு இன்னும் நெருக்கமானது.

தனிமனிதரைப் போலவே திருச்சபையும் இடித்துரை கேட்க வேண்டியிருக்கிறது. அந்தியோக்கியாவில் பந்தி பிரிந்ததைப் போல, தமிழகத்தில் சாதி பல கோயில்களில் இருக்கையையும் கல்லறைத் தோட்டத்தையும் பிரித்தது. தலித் கிறிஸ்தவர்கள் இதைப் பல பத்தாண்டுகளாகச் சுட்டிக்காட்டி வருகிறார்கள். திண்டுக்கல் மறைமாவட்டம் உருவான 2003 நவம்பரிலேயே, தமிழக ஆயர்களைச் சந்தித்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், சாதிப் பாகுபாடு திருச்சபையின் பணிக்கே கேடு என்று எச்சரித்தார். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டு, பாகுபாடு உள்ளே இருப்பதை ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொள்வது முதல் படி. பிரிந்து கிடக்கும் கல்லறைகள் ஒன்றாகும்போதே அந்தத் தாழ்மை முழுமை பெறும்.

எல்லா விமர்சனத்தையும் அப்படியே விழுங்குவது தாழ்மை ஆகாது. எந்தச் செயலைப் பற்றிச் சொல்கிறார்கள், அது உண்மையா, எதை மாற்றலாம் என்ற மூன்று கேள்விகளால் சலித்தெடுக்க வேண்டும். சொன்ன விதம் கரடுமுரடாக இருந்தாலும் உள்ளே உண்மை இருந்தால் அதை எடுத்துக்கொள்ளலாம். பொய்யான பழியைப் பணிவோடு மறுக்கலாம். உடனே பதில் சொல்லாமல் ஓர் இரவு பொறுத்து, செபத்தில் வைத்துப் பார்த்துவிட்டுப் பேசுவது நல்லது. நன்றி சொல்வதும், மாற்றத்தைச் செயலில் காட்டுவதும் கடைசிப் படிகள்.

அடிபடும் மனைவியிடமும், ஒடுக்கப்படும் தொழிலாளியிடமும் ‘தாழ்மையாக இரு’ என்று சொல்லி வாயடைப்பது இந்தப் போதனையைத் திரித்துவிடுவது. விவிலியத்தில் இடித்துரை கேட்டவர்கள் தலைவரும் அரசரும் திருத்தூதரும். பங்குக் குருவோ, போதகரோ, ஆசிரியரோ, வீட்டுப் பெரியவரோ, யார் உயர்ந்த இடத்தில் இருக்கிறாரோ அவரே முதலில் செவிசாய்க்க வேண்டும்.