அடுத்த ஊரில் விளைந்த மருந்து

விக்ரோலி கண்ணம்வார் நகரில் எங்கள் கட்டடத்திற்கு எதிர்க் கட்டடத்தில் ஓர் அண்ணாச்சி குடியிருக்கிறார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடி வந்து, தொழிற்சாலை ஒன்றில் முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவர். சென்ற ஆண்டு அவருடைய பத்தொன்பது வயது மகனுக்கு இரத்தப் புற்றுநோய் என்று மருத்துவர்கள் கூறினர். ஒரு நாள் மாலை அவர் என்னை வழியில் நிறுத்தி, “தம்பி, நீ அந்த மாதிரிப் படிப்புதானே படிக்கே? பவாய்ல இதுக்கு மருந்து கண்டுபிடிச்சிருக்காங்களாமே, அது நம்ம பயலுக்குக் கிடைக்குமா?” என்று கேட்டார்.

பரீட்சையில் இதைப் பற்றி ஆறு பக்கம் எழுதக் கூடிய எனக்கு, அவர் முன்னே ஆறு சொற்கள் கூட வரவில்லை. அன்று சொல்லத் தவறியதை இன்று நம் சங்க மலரில் எழுத முற்படுகிறேன்.

பவாய் எங்களுக்கு அயலூர் அன்று. காந்தி நகர்ச் சந்திப்பைக் கடந்தால் ஐ.ஐ.டி.யின் வாயில் வந்துவிடும். அங்கே பேராசிரியராக விளங்குபவர் ராகுல் புர்வார். ஜெர்மனியில் ஹானோவர் மருத்துவப் பல்கலைக் கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, அமெரிக்காவில் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் ஆய்வு செய்து, 2013ஆம் ஆண்டு பவாய்க்கு வந்து சேர்ந்தவர். அவரும் அவருடைய மாணவர்களும், டாட்டா நினைவு மையத்தின் மருத்துவர்களும் சேர்ந்து உருவாக்கியதே ‘நெக்ஸ்கார்-19’ என்னும் சிகிச்சை. அஃது எவ்வாறு வேலை செய்கிறது என்பதை முதலில் காண்போம்.

நம் இரத்தத்திலுள்ள வெள்ளணுக்களில் பல வகை உண்டு. பி-அணுக்கள் நோய்க் கிருமிகளைப் பற்றும் எதிர்ப்பொருள்களைச் சுரக்கின்றன. டி-அணுக்களில் ஒரு வகை, கெட்டுப்போன உயிரணுக்களைத் தேடிக் கொல்லும் போர்வீரர்கள். சில இரத்தப் புற்றுநோய்களில் இந்தப் பி-அணுக்களே நெறி கெட்டுக் கட்டின்றிப் பெருகுகின்றன. வெளிப் பகைவனை எளிதில் இனங்காணும் டி-அணு, சொந்த வீட்டிலே பிறந்த இந்தப் பகைவனைக் கண்டும் காணாதது போல் விட்டுவிடுகிறது.

எனினும் பி-அணு ஒவ்வொன்றின் மேலும் ‘சிடி-19’ என்னும் புரதம் ஒரு வில்லை போல் ஒட்டியிருக்கிறது. அந்த வில்லையைக் கண்டுகொள்ளும் கண்ணை டி-அணுவுக்கு நாமே பொருத்திவிட்டால் என்ன? இந்தக் கேள்வியிலிருந்துதான் புதிய சிகிச்சை பிறந்தது.

அந்தக் கண் ஒரு கலப்புப் பொருள். நம் கோயில் தூண்களில் யாளியைக் கண்டிருப்பீர்கள். உடல் சிங்கத்தினுடையது, துதிக்கை யானையினுடையது. இந்தப் புதிய ஏற்பியும் அப்படித்தான். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி எதிர்ப்பொருளிலிருந்து எடுத்தது; வில்லையைப் பற்றுவது அதன் வேலை. அணுவின் உள்ளே இருக்கும் பகுதி டி-அணுவுக்கே உரியது. ‘தாக்கு’ என்று ஆணையிடுவது அதன் வேலை. வெளிநாட்டில் முதலில் வந்த மருந்துகளில் வெளிப்பகுதி எலியின் எதிர்ப்பொருளிலிருந்து வந்தது. பவாயில் அதை மனித உடல் அயலாகக் கருதாதபடி, மனிதப் புரதத்தை ஒத்ததாக மாற்றி அமைத்தனர்.

செய்முறையைச் சுருக்கமாகக் கூறலாம். நோயாளியின் இரத்தத்திலிருந்து டி-அணுக்களைப் பிரித்தெடுக்கின்றனர். யாளி ஏற்பியை உண்டாக்கும் மரபணுவை, தீங்கு செய்யும் பகுதிகள் நீக்கப்பட்ட ஒரு வைரஸின் மேல் ஏற்றி, அவ்வணுக்களுக்குள் செலுத்துகின்றனர். அந்த வைரஸ் எய்ட்ஸ் நோயை உண்டாக்கும் கிருமியின் குடும்பத்தைச் சேர்ந்தது என்றால் வியப்பாக இருக்கும். முள்ளை முள்ளால் எடுக்கும் வித்தை இது! மாறிய அணுக்களை ஆய்வுக்கூடத்தில் கோடிக்கணக்கில் பெருக்கி, அதே நோயாளியின் உடலில் ஏற்றுகின்றனர். உடலுக்குள் சென்ற பின்னும் அவை பெருகும். பகைவனைத் தேடித் திரியும். இதனாலேயே இதை ‘உயிருள்ள மருந்து’ என்கின்றனர்.

நிற்க. இது பவாயில் முதன்முதல் தோன்றிய கருத்தன்று. 2012இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் எமிலி ஒயிட்ஹெட் என்னும் சிறுமி இம்முறையால் பிழைத்தாள். 2017இல் அந்நாட்டு அரசு இதற்கு அனுமதி வழங்கியது. அன்று அதன் விலை 4,75,000 டாலர். அஃதாவது மூன்று கோடி ரூபாய். அந்தத் தொகையைக் கேட்டால் எங்கள் கட்டடத்தில் எவரும் சிரிக்கக் கூட மாட்டார்கள்.

அப்படியானால் பவாயில் நடந்தது என்ன? மரபணுவைச் சுமக்கும் வைரஸ் இம்மருந்தின் விலையுயர்ந்த பகுதிகளுள் ஒன்று. அதை வெளியிலிருந்து வாங்காமல் தாங்களே ஆக்கக் கற்றனர். அணுக்களை விமானத்தில் வெளிநாட்டுத் தொழிற்சாலைக்கு அனுப்பித் திரும்பப் பெறும் செலவையும் ஒழித்தனர். இவ்வுழைப்பில் பங்கு கொண்டவர்களுள் அல்கா துவிவேதி, அதர்வ கருல்கர் போன்ற முனைவர் பட்ட மாணவர்களும் அடங்குவர் என்பதை மாணவராகிய நாம் மறத்தல் ஆகாது. 2021 ஜூனில் டாட்டா மையத்தில் முதல் நோயாளிக்கு இச்சிகிச்சை அளிக்கப்பெற்றது. 2023 அக்டோபரில் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் அனுமதி கிடைத்தது. 2024 ஏப்ரல் 4ஆம் நாள் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு அவர்கள் பவாய்க்கு வந்து நாட்டிற்கு வழங்கினார். விலை வெளிநாட்டினும் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு.

குறைகளையும் சொல்லிவிடுவது நேர்மை. 64 நோயாளிகளிடம் செய்த சோதனையின் முடிவுகள் 2025இல் ‘லான்செட் ஹெமட்டாலஜி’ இதழில் வெளிவந்தன. பலனை மதிப்பிட இயன்றவர்களில் நூற்றுக்கு 73 பேருக்கு நோய் தணிந்தது, ஏனையோருக்குத் தணியவில்லை. தணிந்தவர்களிலும் சிலருக்கு மீண்டும் தலைகாட்டியது. போர் மூளும்போது கடுங்காய்ச்சலும் இரத்த அழுத்த வீழ்ச்சியும் வரலாம். நல்ல பி-அணுக்களும் அதே வில்லையை அணிந்தவை ஆதலால் அவையும் அழியும்.

இன்னொன்றையும் கருத வேண்டும். வைரஸ் தான் சுமக்கும் மரபணுவை நாம் குறித்த இடத்தில்தான் நுழைக்கும் என்பதில்லை. குறித்த இடத்தில் மரபுச் சரட்டை வெட்டித் திருத்தும் கருவிக்குக் ‘கிரிஸ்பர்’ என்று பெயர். 2012இல் அதனை விளக்கிக் காட்டிய டவுட்னா, ஷார்பாந்தியே என்னும் இரு பெண்மணிகள் 2020இல் நோபல் பரிசு பெற்றனர். 2023இல் அரிவாள் அணுச் சோகைக்கு இம்முறைச் சிகிச்சை வெளிநாட்டில் அனுமதி பெற்றது. அமெரிக்காவில் அதன் விலை 22 இலட்சம் டாலர்! அந்நோய் நம் நாட்டில் பழங்குடி மக்களிடையே மிகுதி. தில்லியில் தேவஜோதி சக்ரவர்த்தி முதலிய அறிஞர்கள் உள்நாட்டிலேயே உருவாக்கிய கிரிஸ்பர் சிகிச்சை, 2025 நவம்பரில் ‘பிர்சா 101’ என்ற பெயரால் அறிவிக்கப்பெற்றது. பழங்குடித் தலைவர் பிர்சா முண்டாவின் பெயரை அதற்கு இட்டது பொருத்தமே. நம் வேலூரிலும் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் அலோக் ஸ்ரீவஸ்தவா குழுவினர், இரத்தம் உறையா நோயுடைய ஐவருக்கு வைரஸ் வழியே மரபணு ஏற்றினர். அதன் பின் அவர்களுக்கு இரத்தக் கசிவு ஏற்படவில்லை என்று 2024இல் அறிவித்தனர்.

பவாய், தில்லி, வேலூர் மூன்றும் உணர்த்துவது ஒன்றே. அறிவு எங்கே பிறந்தாலும் நம்முடையதுதான். ஆனால் மருந்தை நாமே ஆக்கக் கற்கும் வரை அது நம் மக்களுக்கு எட்டாக் கனியே.

இனி அண்ணாச்சிக்கு வருவோம். சில நாள் கழித்து நானே அவரைத் தேடிச் சென்றேன். “அண்ணாச்சி, இந்தச் சிகிச்சை முதல் சிகிச்சை இல்லை. வழக்கமான மருந்துக்கு நோய் அடங்காவிட்டாலோ, அடங்கித் திரும்பி வந்தாலோதான் இது. தம்பிக்கு இப்போது கொடுக்கிற மருந்தை ஒரு நாளும் விடாதீர்கள்” என்றேன். மகனுக்கு மருந்து நன்றாகப் பிடித்திருக்கிறதாம். அவர் தலையசைத்தார். பிறகு மெல்ல, “திரும்பி வந்துட்டா எவ்வளவு ஆகும் தம்பி?” என்றார்.

“முப்பது நாற்பது இலட்சம் ஆகலாம், அண்ணாச்சி.”

அவர் ஒன்றும் பேசவில்லை. சற்று நேரம் கழித்து, “மூணு கோடியை இவ்வளவுக்குக் கொண்டாந்தவங்க இன்னும் கொஞ்சம் குறைக்க மாட்டாங்களா?” என்றார்.

அன்பர்களே, அந்தக் கேள்வி பவாயில் உள்ளவர்களுக்கு மட்டும் உரியதன்று. உயிரியலும் வேதியியலும் பொறியியலும் பயிலும் நமக்கும் உரியது. பட்டம் பெற்று வெளிநாடு செல்வோர் செல்லட்டும். கற்பதற்குக் கடல் கடப்பதில் தவறில்லை. புர்வாரும் கடந்து சென்றவர்தாம். கற்றதை எடுத்துக்கொண்டு அவர் எங்கே வந்தார் என்பதையும் எண்ணிப் பாருங்கள். நான் அண்ணாச்சிக்கு முழு விடை இன்னும் சொல்லவில்லை. அதைச் சொல்வதற்காகவே படித்துக் கொண்டிருக்கிறேன்.