சிங்கின் கீழே ஒரு வட்டத் துளை

குசினியில் பான்ட்ரி கபேட் பூட்டி ஒரு மாரி கழிந்ததும், சிங்கின் கீழ்க் கதவைத் திறந்து பைப் நுழைகிற இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். பலகை மற்ற இடமெல்லாம் சமமாக இருக்க, துளையைச் சுற்றி மட்டும் ஒரு மேடு தட்டுப்படும். மேலே ஒட்டிய மெலமைன் தோல் அந்த இடத்தில் தூக்கி நிற்கும். நகத்தால் கிள்ளினால் பலகை தூளாகக் கழன்று வரும். பழி பெரும்பாலும் பலகையில்தான் விழுகிறது. நியாயமாகப் பார்த்தால் முதலில் விசாரிக்க வேண்டியது அந்தத் துளையைத்தான்: அது எப்படி வெட்டப்பட்டது, வெட்டிய பிறகு அதன் விளிம்புக்கு யாராவது எதையாவது பூசினார்களா?

கதிரவெளியில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் கனம் உண்டு. மட்டக்களப்பு மாவட்டத்தின் வட அந்தத்தில், வாகரைக்கும் வெருகலுக்கும் இடையில், கடலை ஒட்டிக் கிடக்கிற ஊர் அது. ஒக்டோபரில் பிடிக்கும் மழை ஜனவரி வரை காற்றை ஈரத்தால் நிறைத்து வைத்திருக்கும். ஆடி ஆவணியில் மேற்கே இருந்து கச்சான் அடித்தால் அதே காற்று உதட்டை வெடிக்க வைக்கும். ஆண்டுக்கு ஒரு முறை முழுதாக நனைந்து முழுதாகக் காய்கிற இந்தச் சுழற்சியில், சுனாமிக்கும் போருக்கும் பிறகு மறுபடி கட்டி எழுப்பிய வீடுகளில், கடன்பட்டு வாங்கிப் பூட்டிய ஒரு கபேட் ஐந்து ஆண்டு நிற்குமா, இருபது ஆண்டு நிற்குமா என்பது சின்ன விஷயம் அல்ல.

மரம் வெட்டி அறுத்து ஆணியடித்த பிறகும் காற்றோடு நீரை வாங்கிக் கொடுத்துக்கொண்டேதான் இருக்கும். வெப்பநிலை 30 பாகை செல்சியசாகவும் காற்றின் ஈரப்பதன் 65 வீதமாகவும் இருக்கும்போது, மரத்துக்குள் அதன் உலர் எடையில் ஏறக்குறைய 12 வீத நீர் நிற்கும். ஈரப்பதன் 85 வீதத்துக்கு ஏறினால் அது 17, 18 வீதமாகிவிடும். அந்த வேறுபாட்டுக்கு மரம் ஊதும். ஆனால் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் ஊதாது. நார் ஓடுகிற நீளவாட்டில் மாற்றம் அளவிடவே சிரமமான அளவு சிறியது. நாருக்குக் குறுக்கே, அதுவும் ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில், பல மரங்களில் ஒன்றரை வீதம் வரை வரும். ஆகவே மாரியில் 50 மில்லிமீற்றர் விட்டத்தில் மிகச் சரியாக வெட்டிய வட்டத் துளை, கச்சான் காலத்தில் ஒரு பக்கம் மட்டும் முக்கால் மில்லிமீற்றர் அளவுக்குச் சுருங்கி முட்டை வடிவம் எடுக்கும். பைப்பை நெருக்கிப் பிடிக்கிற மாதிரி வெட்டுவதை நேர்த்தியான வேலை என்று பலர் நினைக்கிறார்கள். காய்ச்சல் காலத்தில் அந்த நேர்த்திதான் பைப்பை நெரித்து, மேலே உள்ள நட்டை அசைத்து, சொட்டுச் சொட்டாக ஒழுக வைக்கிறது.

மரப்பலகையின் கதை இது. இன்று கடைகளில் கபேட்டாக விற்பனையாவதில் பெரும்பகுதி சிப்போர்ட்டும் எம்.டி.எஃப்.உம். சிப்போர்ட் என்பது மரச் சீவல்களில் பிசின் தெளித்து, சூட்டில் வைத்து அமுக்கிய பலகை. நெல்லை இடித்துத் தட்டையாக்கிய அவல், தண்ணீர் பட்டதும் தன் பழைய பருமனைத் தேடிப் பொங்குவது போல, அமுக்கப்பட்ட சீவல்களும் நீர் கண்டதும் விரியும். காய்ந்த பிறகு அவை பழையபடி படியாது. சீவல்களைக் கட்டி வைத்திருக்கும் பிசின் பெரும்பாலும் யூரியா-ஃபோமல்டிகைட். ஈரமும் சூடும் சேர்ந்தால் அந்தப் பிசினின் பிணைப்பே மெல்ல மெல்ல உடையும். நனைந்து மேடாகிய இடம் வெயிலில் வைத்தாலும் திரும்பாததற்குக் காரணம் இந்த இரண்டும்தான்.

இதைத் தடுக்கத்தான் இரு பக்கமும் மெலமைன் தோல், விளிம்புகளுக்குப் பிளாஸ்டிக் பட்டி. தொழிற்சாலையில் இருந்து வரும்போது பலகை முழுவதும் மூடியபடியே வருகிறது. அதை முதன்முதலாகத் திறந்து விடுவது நாம்தான். அதுவும் வீட்டிலேயே அதிகம் நனைகிற இடத்தில். சிங்கின் கீழே நட்டில் இருந்து கசிகிற துளி உடனே கீழே விழாது. மேற்பரப்பு இழுவிசையால் அது பைப்பின் அடிப்பக்கத்தைப் பற்றிக்கொண்டு சரிவின் வழியே ஊர்ந்து வரும். பைப் பலகையைத் தொடுகிற இடத்தில் நின்று, சீவல்களுக்கு இடையிலுள்ள மயிரிழை அளவான இடைவெளிகள் வழியே உள்ளே உறிஞ்சப்படும். வெளியே நிலத்தில் ஒரு சொட்டுக்கூடத் தெரியாததால் வீட்டில் யாருக்கும் இது தெரியவராது.

கதிரவெளிக் கடற்கரையில் இந்தப் பிரச்சினையை நன்றாக அறிந்தவர்கள் இருக்கிறார்கள். ஃபைபர் தோணிகளில் எஞ்சின் பூட்டுகிற பின்பலகையைப் பாருங்கள். வெளியே கண்ணாடி நாரும் பிசினும், உள்ளே பெரும்பாலும் பிளைவூட். வெளித்தோலுக்கு ஒன்றும் ஆகாது. எஞ்சினைப் பிடிக்கப் போட்ட போல்ட் துளைகள் வழியேதான் நீர் உள்ளே போய், பிளைவூட்டை மாவாக்கும். வெளியே பளபளப்பு குறையாமலே உள்ளே பலகை உக்கிப் போயிருக்கும். இதற்குப் படகு வேலையில் ஒரு வழி உண்டு. தேவையானதைவிடப் பெரிதாகத் துளைத்து, அந்தத் துளையை ரெசினால் நிரப்பி இறுக விட்டு, அதன் நடுவே போல்ட்டுக்குரிய துளையை மறுபடி போடுவார்கள். அப்போது போல்ட்டைச் சுற்றி இருப்பது ரெசின் மட்டுமே. நீருக்குப் பிளைவூட்டைத் தொட வழியில்லை. குசினிக் கபேட்டுக்கு அவ்வளவு தேவைப்படாது. வெட்டிய விளிம்பில் அதே ரெசினை ஒரு பழைய தூரிகையால் இரண்டு தரம் பூசினால் போதும். தோணி திருத்த வாங்கியதில் மிச்சமான ஒரு கரண்டி ரெசின் மீனவர் வீடுகளில் கிடைக்கவே செய்யும். அதன் ஆவி நெஞ்சைப் பிடிக்கும் என்பதால் வெளித்திண்ணையில் வைத்துப் பூச வேண்டும். ரெசின் இல்லாவிட்டால் எண்ணெய்ப் பெயின்ட், வார்னிஷ், எதுவும் வெறும் விளிம்பைவிட மேல்.

இனி வெட்டு. அளவில்தான் முதல் பிழை நடக்கிறது. அரை இஞ்சிப் பைப் என்றால் அரை இஞ்சித் துளை போதாது. அரை இஞ்சி என்பது பழைய இரும்புக் குழாய்களின் உள்வாய்க் கணக்கில் வந்த பெயர். அந்த அளவுக் குழாயின் மரையில் வெளிவிட்டம் கிட்டத்தட்ட 21 மில்லிமீற்றர். ஒன்றரை இஞ்சிக் கழிவுப் பொருத்தின் மரை 47.8 மில்லிமீற்றர். பைப் நுழைந்தாலும் அதன் நட்டு நுழையாமல் நிற்பதும் உண்டு. ஆகவே துளை வழியே போகப்போகிற எல்லாவற்றிலும் பருத்தது எதுவோ, அதன் மூலைக்கு மூலை அகலத்தை அளந்து தொடங்க வேண்டும். பைப்புகள் ஏற்கெனவே சுவரில் இருந்து வெளியே நிற்கின்றன என்றால், கபேட்டின் பின்பலகை அளவுக்கு ஒரு பெட்டி மட்டையை வெட்டி, அதில் துளைகளைப் போட்டுச் சுவரில் பொருத்திப் பார்த்த பிறகு பலகையில் கைவைக்கலாம். மட்டை பிழைத்தால் நட்டமில்லை.

பெரிய துளைக்கு ஓடாவிகள் இன்று பாவிப்பது ஹோல் சோ, அதாவது விளிம்பெல்லாம் பல் வைத்த வட்ட வாள். இதை ட்ரில்லின் முழு வேகத்தில் ஓட்டுவது பெரிய தவறு. 10 மில்லிமீற்றர் அலகு நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுற்றும்போது அதன் விளிம்பு செக்கனுக்கு ஒன்றரை மீற்றர் ஓடும். அதே சுற்றில் 50 மில்லிமீற்றர் வாளின் பல் செக்கனுக்கு ஏறக்குறைய எட்டு மீற்றர் ஓடும். உரசலில் பிறக்கும் சூட்டை மரம் கடத்தாது. இரும்பைவிட நூறு மடங்குக்கு மேல் மோசமான வெப்பக் கடத்தி அது. சூடு பல்லிலேயே தங்கும். பல் மழுங்கும், விளிம்பு கரியும். நிமிடத்துக்கு 500 சுற்று அளவில் மெதுவாக ஓட்டி, இடைக்கிடை வெளியே எடுத்துத் தூளைத் தட்டிவிட்டால் வெட்டு வெள்ளையாக வரும்.

மறுபக்கத் தோல் பிய்வதுதான் எல்லோரையும் கோபப்படுத்துவது. பல் பலகைக்குள் போகும்போது ஒவ்வொரு நாருக்கும் பின்னால் இன்னும் மரம் இருந்து தாங்கும். கடைசிப் படலத்துக்குப் பின்னால் வெறும் காற்று. தாங்க ஆளில்லாத நார் வெட்டுப்பட மாட்டாது. வளைந்து, முறிந்து, பக்கத்துத் தோலையும் இழுத்துக்கொண்டு போகும். நடு அலகின் முனை மறுபக்கத்தில் எட்டிப் பார்த்த உடனே நிறுத்தி, பலகையைத் திருப்பி, அந்தச் சிறு துளையையே மையமாக வைத்து மறுபக்கத்தில் இருந்து வெட்டி முடித்தால் இரண்டு முகமும் சுத்தமாக இருக்கும். திருப்ப முடியாத இடத்தில், பின்னால் ஒரு கழிவுப் பலகையை இறுக்கிப் பிடித்து இரண்டையும் சேர்த்துத் துளைக்கலாம். கரண்ட் இல்லாத நாளில், பென்சில் வட்டத்தின் உட்புறமாகக் கைத்துறப்பணத்தால் சிறு துளைகளைத் தொடராகப் போட்டு, ஒடுங்கிய வாளால் அவற்றை இணைத்து, வட்ட அரத்தால் ராவி எடுப்பதும் மதிப்பான வேலைதான். நேரம் எடுக்கும், அவ்வளவுதான்.

அவசரத்தில் சிலர் உளியால் சதுரமாகக் குடைந்து விடுகிறார்கள். சதுரம் எனக்கு உடன்பாடில்லை. 1898இல் ஜேர்மன் பொறியியலாளர் எர்ன்ஸ்ட் குஸ்தாவ் கிர்ஷ் கணித்துக் காட்டினார்: இழுபடுகிற தகட்டில் ஒரு வட்டத் துளை இருந்தால், அதன் ஓரத்தில் தகைப்பு மூன்று மடங்காகும். கூரிய மூலை உள்ள துளையில் அந்த மடங்கு இன்னும் ஏறும். மூலை எவ்வளவு கூர்மையோ அவ்வளவு மோசம். பின்பலகை பாரம் தாங்குவதில்லை, அங்கே பெரிய கேடு வராது. ஆனால் அடித்தட்டில் அரிசி வாளியும் தண்ணீர்க் குடமும் இருக்கும், அங்கே சதுர மூலையில் இருந்துதான் வெடிப்புப் புறப்படும். பைப்பைக் கழற்ற முடியாமல் துளையில் இருந்து பலகையின் ஓரம் வரை வாய் வெட்ட நேர்ந்தாலும், உள்முனை வட்டமாகவே முடிய வேண்டும். வட்டத்தின் வயது பெரிது. கர்நாடகத்தின் பிரம்மகிரியில் 1947இல் மோர்டிமர் வீலர் அகழ்ந்த பெருங்கற்காலக் கல்லறைகளில், நிறுத்திவைத்த கற்பலகையில் வட்ட வாசல் குடைந்திருந்தார்கள். கதிரவெளியிலும் பெருங்கற்கால ஈமச் சின்னங்கள் பதிவாகியிருக்கின்றன. கற்பலகை வெட்டி அடுக்கத் தெரிந்த கைகள் இந்த மண்ணுக்கும் புதிதல்ல.

சுற்றிவர எவ்வளவு இடைவெளி விடுவது? இங்கே பைப்பின் தேவையும் பூச்சிகளின் திறமையும் எதிரெதிரே நிற்கின்றன. சோறு வடித்த கஞ்சியைச் சிங்கில் ஊற்றும்போது பி.வி.சி. பைப் திடீரென்று சூடாகும். 30 பாகை ஏறினால் ஒரு மீற்றர் நீளம் இரண்டு மில்லிமீற்றர் நீளும். அசைய இடம் வேண்டும். மறுபுறம், 2016இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் கௌஷிக் ஜெயராமும் ரொபர்ட் ஃபுல்லும் செய்த ஆய்வில், பெரிய வீட்டுக் கரப்பான் தன் உடல் உயரத்தில் கால்வாசியே உள்ள, சுமார் மூன்று மில்லிமீற்றர் இடுக்கில் ஒரு செக்கனுக்குள் நுழைந்து போனது. எனவே பைப்பின் வெளிவிட்டத்தோடு நான்கு மில்லிமீற்றர் கூட்டி வெட்டினால் சுற்றிவர இரண்டு மில்லிமீற்றர் கிடைக்கும். மரம் சுருங்கவும் பைப் நீளவும் அது போதும், அந்தப் பெரிய கரப்பானுக்குப் போதாது. நட்டுக்காகப் பெரிதாக வெட்ட வேண்டி வந்தால், இரண்டாகப் பிளந்த வளையத் தட்டு ஒன்றைப் பைப்பைச் சுற்றி வைத்துப் பலகையில் திருகலாம்; பைப்பில் ஒட்டக் கூடாது.

சுவர்த் துளையை மறக்கிறவர்கள் அதிகம். நம் பக்கத்து வீடுகளில் சிங்க் தண்ணீர் சுவரைத் தாண்டி வாழையடிக்குத்தான் போகிறது. கபேட்டை எவ்வளவு நேர்த்தியாக அடைத்தாலும், அந்தக் கழிவுப் பைப்பைச் சுற்றிச் சுவரில் விட்ட வாய் திறந்திருந்தால் எலி உள்ளே வரும். சுண்டெலிக்கு ஆறு மில்லிமீற்றர் போதும். எலியைத் தேடிப் பாம்பும் வரலாம். கம்பிப் பஞ்சைத் திணிக்கச் சொல்வார்கள். உப்புக் காற்றில் சாதாரண இரும்புப் பஞ்சு சீக்கிரமே துருத்தூளாகிவிடும். பாத்திரம் தேய்க்கிற துருப்பிடிக்காத கம்பிச் சுருளை இறுக்கித் திணித்து, மேலே சிலிக்கன் பூசினால் எலியின் பல்லுக்கும் மழைக்கும் அது நிற்கும்.

இதில் எதையும் கபேட்டைச் சுவரில் பூட்டிய பிறகு முழுதாகச் செய்ய முடியாது. பின்பலகையின் மறுபக்க விளிம்புக்குத் தூரிகை எட்டாது. ஆகவே ஓடாவியும் பைப் வேலைக்காரரும் வெவ்வேறு நாளில் வருகிறார்கள் என்றால், துளை வெட்டுகிற நாளையும் பூட்டுகிற நாளையும் வேறாக வையுங்கள். வெட்டி, தூள் தட்டி, ஒரு பூச்சுப் பூசி, அது உறிஞ்சி இறுகியதும் இரண்டாவது பூசி, ஓர் இரவு காயவிட்டு மறுநாள் கபேட்டைச் சுவரில் ஏற்றச் சொல்லுங்கள்.