வாலருகே ஐந்து எழுத்துகள்

கார்டர்மூனில் ஊரிலிருந்து வரும் உறவினருக்காகக் காத்து நிற்கும்போது நாம் பலகையில் தேடுவது பறப்பு இலக்கத்தைத்தான். அது விமானத்தின் பெயர் அல்ல, அன்றைய பயணத்தின் பெயர். காலையில் பேர்கன் போய் வந்த அதே விமானம் மாலையில் வேறொரு இலக்கத்தோடு லண்டன் போகும். மாறாமல் இருப்பது வாலருகே எழுதியிருக்கும் பதிவெழுத்துகள். தாதியர் வேலை செய்யும் எங்களுக்கு இது சட்டென்று விளங்கும். கட்டில் இலக்கத்தைப் பார்த்து நாங்கள் யாருக்கும் மருந்து கொடுப்பதில்லை. மத்தியானத்துக்குள் அந்தக் கட்டிலில் வேறொருவர் படுத்திருக்கலாம். கைப்பட்டியில் பெயரையும் 11 இலக்கப் பிறப்பெண்ணையும் சரிபார்த்த பிறகுதான் கொடுப்போம்.

நோர்வே விமானம் என்றால் முதலில் எல்.என்., பிறகு ஒரு சிறு கோடு, பிறகு மூன்று எழுத்துகள். இந்தியாவுக்கு வி.டி., இலங்கைக்கு 4ஆர். எஸ்.ஏ.எஸ். மூன்று நாடுகளின் கூட்டாகத் தொடங்கியது. அதனால் ஒரே நிறம் பூசிய அதன் விமானங்களில் எல்.என்., ஸ்வீடனின் எஸ்.இ., டென்மார்க்கின் ஓ.வை. மூன்றையும் பார்க்கலாம். அடுத்த முறை காத்து நிற்கும்போது பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள், நேரம் போவதே தெரியாது.

பள்ளியில் அமுண்ட்சென் பற்றிப் படித்தவர்களுக்கு என்24, என்25 நினைவிருக்கும். 1925இல் வடதுருவத்தை நோக்கிப் பறந்த இரண்டு விமானங்களின் பதிவு அடையாளங்கள் அவை. அந்நாளில் நோர்வேயின் எழுத்து என். இப்போது அது அமெரிக்காவுக்குரியது. என்24 பனியில் சேதமடைந்தது. ஆறு பேரும் மூன்று வாரங்களுக்கு மேல் பனியை வெட்டி ஓடுபாதை அமைத்து, என்25இல் நெருங்கி உட்கார்ந்து உயிரோடு திரும்பினார்கள்.

இந்த எழுத்துகள் வெறும் அலங்காரம் அல்ல. 1944இன் சிகாகோ உடன்படிக்கைப்படி, விமானம் எந்த நாட்டில் பதியப்பட்டதோ அந்த நாட்டின் குடியுரிமையே அதற்கு உண்டு. ஒரே நேரத்தில் இரண்டு நாடுகளில் பதிய முடியாது. பறக்கத் தகுதியானது என்ற சான்றிதழைக் கொடுப்பதும் பதிவு நாடுதான். நோர்வேயின் பதிவேடு பூடோவிலுள்ள விமானப் போக்குவரத்து அதிகார சபையிடம் இருக்கிறது. வீட்டுக்கு இருப்பதுபோல, விமானத்தின் மீதான கடனும் அங்கே பதியப்படும். 2013இல் நோர்வீஜியன் கொம்பனியின் முதல் போயிங் 787 வந்தபோது அதில் இருந்தது அயர்லாந்தின் இ.ஐ. அடையாளம். தாய்லாந்துப் பணியாளர்களை வைத்து ஓட்டும் திட்டத்தை இங்குள்ள தொழிற்சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. இரண்டு எழுத்துக்குப் பின்னால் யாருடைய சட்டம், யாருடைய சம்பளம் என்ற கேள்வி இருந்தது.

ஆனால் இதன் அருமை முழுதாகத் தெரிவது விபத்துக்குப் பிறகுதான். 2016 ஏப்ரல் 29 அன்று குல்ஃபாக்ஸ் பி எண்ணெய் மேடையிலிருந்து பேர்கனுக்குத் திரும்பிய எல்.என்.-ஓ.ஜே.எஃப். ஹெலிகொப்டரின் பிரதான சுழலி தூரொய் அருகே வானிலேயே கழன்றது. இருந்த 13 பேரும் இறந்தார்கள். விசாரணையாளர்கள் அந்த ஒரு ஹெலிகொப்டரின் பதிவுகளைப் பின்தொடர்ந்து போனார்கள். அதன் கியர்பெட்டி 2015இல் அவுஸ்திரேலியாவில் லொறியில் கொண்டுபோகும்போது வீதி விபத்தில் சிக்கி, திருத்தப்பட்டு, 2016 ஜனவரியில் இதில் பொருத்தப்பட்டிருந்தது. அந்த வீதி விபத்துதான் காரணம் என்று நிறுவப்படவில்லை. காரணமாகக் கண்டது ஒரு பற்சக்கரத்தில் உலோகக் களைப்பால் உண்டான வெடிப்பு. 2009இல் ஸ்கொட்லாந்துக் கடலில் 16 பேரோடு விழுந்த ஜி-ஆர்.இ.டி.எல். ஹெலிகொப்டரிலும் இதைப் போன்றதே நடந்திருந்தது. இரண்டு கோப்புகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது, ஒவ்வொரு பாகமும் எதில் எப்போது இருந்தது என்று எழுதி வைத்திருந்ததால்.

ஒஸ்லோவில் உள்ளெவோல் வைத்தியசாலைப் பக்கம் போகிறவர்கள் மேலே பார்க்கலாம். அங்கே இறங்கும் அம்புலன்ஸ் ஹெலிகொப்டர்களில் எல்.என்.-ஓ என்று தொடங்கும் எழுத்துகள் இருக்கும். ஓ இங்கு ஹெலிகொப்டர்களுக்கானது. பெரிய மீட்பு ஹெலிகொப்டரான சார் குவீனில் எல்.என். தேடாதீர்கள். அது விமானப்படையுடையது, அதற்கு இலக்கங்கள் மட்டும்தான்.